எருசலேமின் இஸ்ரேல் மியூசியம்: இயேசுவுக்கு வரலாற்றுச் சான்று தேடிப் போகிறவர்களுக்கு

இயேசு என்றொருவர் உண்மையில் வாழ்ந்தாரா என்ற கேள்வியோடு இந்த மியூசியத்துக்குப் போகிறவர்கள் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. அவர் பயன்படுத்திய பொருள், அவரைக் குறித்து அவர் காலத்திலேயே வெட்டிய கல், அவர் கைப்பட எழுதிய ஏடு என்று ஒன்றுகூட இங்கே கிடையாது. உலகில் வேறெங்கும் கிடையாது. ஆனால் அவருக்குத் தீர்ப்புச் சொன்ன ரோம அதிகாரி பிலாத்துவின் பெயர் பொறித்த கல் இருக்கிறது. அவரை விசாரித்த பிரதான ஆசாரியர் காய்பாவின் குடும்பக் கல்லறையிலிருந்து எடுத்த எலும்புப் பெட்டி இருக்கிறது. அதே நூற்றாண்டில், அதே ஊரில் சிலுவையில் அறையப்பட்ட இன்னொரு மனிதரின் குதிகால், ஆணி ஏறிய நிலையில் காட்சிக்கு இருக்கிறது. இந்த மூன்றையும் ஒரே கூரையின் கீழ் பார்க்க வேறு இடம் இல்லை. அதற்காகவே போகலாம், தாராளமாகப் போகலாம்.

போகும்போது மூன்று பத்திகளை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் எழுதிய 'யூதர்களின் தொன்மை வரலாறு' நூலில் 18-ஆம் புத்தகம் 63, 64-ஆம் பகுதிகள். அதே நூலில் 20-ஆம் புத்தகம் 200-ஆம் பகுதி. ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸின் 'ஆண்டுக் குறிப்புகள்' 15-ஆம் புத்தகம் 44-ஆம் பகுதி. மூன்றும் சேர்ந்து இரண்டு பக்கம்கூட வராது. இயேசு இருந்தாரா என்ற வாதம் நடப்பதெல்லாம் இந்த எழுத்துகளின் மேலும் பவுலின் கடிதங்களின் மேலும்தான். மியூசியத்தில் இருக்கும் கல்லும் எலும்பும் இந்த எழுத்துகளை உரசிப் பார்க்க உதவும் உரைகல். எழுத்து கையில் இல்லாமல் போனால் அழகான பழம்பொருள் பார்த்துவிட்டு வந்ததாகத்தான் முடியும்.

முதலில் இடக் குழப்பம். மியூசியம் பழைய நகரத்துக்குள் இல்லை. மேற்கு எருசலேமில், நாடாளுமன்றமான க்னெசெத்துக்குப் பக்கத்தில் மேட்டின்மேல் இருக்கிறது. 1965-இல் திறந்தது. சாலைக்கு எதிர்ப்புறம் 'பைபிள் லேண்ட்ஸ் மியூசியம்' என்று வேறொன்று உண்டு. டாக்ஸிக்காரரிடம் 'பைபிள் மியூசியம்' என்று சொன்னால் அங்கேதான் இறக்கிவிடுவார். அதுவும் நல்ல இடம்தான், ஆனால் பிலாத்து கல் அங்கே இல்லை. பழைய நகரின் வடகிழக்கு மூலையை ஒட்டியுள்ள ராக்ஃபெல்லர் மியூசியமும் வேறு. 'இஸ்ரேல் மியூசியம்' என்று முழுப் பெயரையே சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமை திறக்கும் நேரம் மற்ற நாட்களைப்போல் இருக்காது. வெள்ளிக்கிழமை சீக்கிரம் மூடுவார்கள். சனிக்கிழமை மியூசியம் திறந்திருந்தாலும் நகரப் பேருந்து ஓடாது. அந்த வார நேரத்தையும் நாட்டின் பயண நிலவரத்தையும் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து புனிதப் பயணக் குழுவில் போகிறவர்கள், அரசு மானியத்தில் போகிறவர்கள் உட்பட, நிரலில் இந்த இடம் இருக்கிறதா என்று புறப்படும் முன்பே கேட்டுவிட வேண்டும். இருந்தாலும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பயனில்லை. வாசலுக்கு அருகிலேயே இருக்கும் எருசலேம் நகரின் சிறு மாதிரியையும் சாக்கடல் சுருள் மண்டபத்தையும் காட்டிவிட்டு வண்டியில் ஏற்றிவிட்டால், இந்தக் கேள்விக்கு உண்மையில் உதவும் பகுதியைப் பார்க்காமலே திரும்ப வேண்டியிருக்கும். மாதிரிக்கு அரை மணி, சுருள்களுக்கு அரை மணி, தொல்லியல் பிரிவுக்கு ஒன்றரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாதிரி திறந்த வெளியில் இருக்கிறது. வெயில் நாளில் காலையிலேயே பார்த்துவிடுங்கள், தொப்பி வேண்டும். இரண்டாம் ஆலயக் காலத்து, அதாவது இயேசு வாழ்ந்த காலகட்டத்து எருசலேமை ஐம்பதில் ஒரு பங்கு அளவில் கல்லில் கட்டியிருக்கிறார்கள். 1966-இல் ஒரு ஓட்டல் வளாகத்தில், மிக்கேல் அவி-யோனா என்ற அறிஞரின் வழிகாட்டுதலில் உருவானது. 2006-இல் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். கல்வாரி இருந்ததாகச் சொல்லப்படும் இடம், அதாவது இன்றைய திருக்கல்லறைக் கோவில் நிற்கும் இடம், மாதிரியில் மதிலுக்கு உள்ளே வருகிறது. 'நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்டார்' என்று எபிரெயர் நிருபம் சொல்கிறதே, அப்படியானால் திருக்கல்லறைக் கோவில் தப்பான இடத்தில் இருக்கிறதா என்று கேள்வி வரும். விடை எளிது. மாதிரி காட்டுவது கி.பி. 66-ஆம் ஆண்டு நகரத்தை. வடக்கே நீளும் மூன்றாம் மதிலை முதலாம் அகிரிப்பா அரசர் தொடங்கியதே கி.பி. 41-க்குப் பிறகு. இயேசு சிலுவையில் அறையப்பட்டது 30 அல்லது 33 என்பது பெரும்பாலான அறிஞர்களின் கணக்கு. அப்போது அந்த மதில் இல்லை. மாதிரியின் முன் நிற்கும்போது வெளி மதிலை மனத்தால் அழித்துவிட்டுப் பாருங்கள். இடம் சரியாக மதிலுக்கு வெளியே போய்விடும்.

அடுத்தது சாக்கடல் சுருள் மண்டபம், சாக்கடல் கரைக் குகைகளில் கிடைத்த பழைய யூதச் சுவடிகளுக்கான இடம். ஜாடி மூடியைப்போல் வெள்ளைக் குவிமாடம், எதிரே கறுப்புச் சுவர். உள்ளே நடுவில் உருளையைச் சுற்றி விரித்திருப்பது பெரிய ஏசாயா சுருளின் பிரதி. மூலச் சுருள் 7.34 மீட்டர் நீளம். வெளிச்சத்தில் தோல் கெடும் என்பதால் மூலப் பகுதிகளைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றி மாற்றித்தான் வைப்பார்கள். சாக்கடல் சுருள்களில் இயேசுவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவற்றில் வரும் 'நீதியின் ஆசிரியர்' இயேசுதான் என்று சொல்லும் புத்தகங்கள் வந்ததுண்டு. எழுத்தமைதியும் கரிமக் காலக்கணிப்பும் அதற்கு இடம் தரவில்லை, அவரைப் பற்றிய நூல்கள் இயேசுவுக்கு முற்பட்டவை. மேசியாவை எதிர்பார்த்து ஒரு கூட்டம் எப்படி வாழ்ந்தது என்பதற்கு இவை முதல்தரச் சான்று. அந்த அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

தொல்லியல் பிரிவு மேட்டின்மேல், பிரதான கட்டடத்தில். காட்சி பதினைந்து லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய கல்லாயுதங்களிலிருந்து தொடங்குகிறது. வரிசையாக நடந்தால் ரோமர் காலம் வருவதற்குள் காலும் கண்ணும் ஓய்ந்துவிடும். வரைபடத்தில் இரண்டாம் ஆலயக் காலம் எங்கே என்று பார்த்து நேராக அங்கே போங்கள், மற்றதைத் திரும்பும்போது பார்க்கலாம்.

பிலாத்து கல்லை எதிர்பார்ப்பைவிடச் சிறியதாகத்தான் காண்பீர்கள். உயரம் 82 சென்டிமீட்டர், அகலம் 65 சென்டிமீட்டர் அளவுள்ள சுண்ணாம்புக்கல் பலகை. 1961-இல் செசரியா துறைமுக நகரின் நாடக அரங்கில் அந்தோனியோ ஃப்ரோவா தலைமையிலான இத்தாலியக் குழு கண்டெடுத்தது. நாலாம் நூற்றாண்டில் அரங்கைப் புதுப்பித்தவர்கள் இதைப் பழைய கல்லாக நினைத்துப் படிக்கட்டில் வைத்துக் கட்டிவிட்டார்கள். அதனால்தான் இடப்பக்க எழுத்துகள் சிதைந்துபோயின. அதனால்தான் கல்லும் நமக்குக் கிடைத்தது. மிஞ்சியிருக்கும் எழுத்தை மெல்லப் படியுங்கள். முதல் வரியில் 'திபேரியேயும்'. இரண்டாம் வரியில் 'பொன்' போய்விட்டது, 'தியுஸ் பிலாத்துஸ்' தெளிவாக நிற்கிறது. மூன்றாம் வரியில் '-எக்துஸ்', அடுத்து யூதேயாவின் பெயர். நாலாம் வரியில் ஏறத்தாழ ஒன்றும் இல்லை. லத்தீன் 'உ' எழுத்து கவைபோல் கீழே கூர்மையாக இருக்கும் என்பது தெரிந்தால் லத்தீன் அறியாதவரும் 'பிலாத்துஸ்' என்பதைக் கண்டுபிடித்துவிடலாம். பேரரசர் திபேரியுவின் பெயரால் பிலாத்து எழுப்பியதோ புதுப்பித்ததோ ஆன ஒரு கட்டடத்தின் கல் இது. துறைமுகக் கலங்கரை விளக்கமாக இருக்கலாம் என்பது கேஸா அல்ஃபால்டி என்ற கல்வெட்டறிஞரின் வாசிப்பு.

'இந்தக் கல் கிடைக்கும்வரை பிலாத்து என்ற ஆளே இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் சொல்லிவந்தார்கள்' என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. மிகை. பிலாத்துவைப் பற்றி அவர் காலத்திலேயே வாழ்ந்த யூதத் தத்துவஞானி, அலெக்சாந்திரியாவின் ஃபைலோ எழுதியிருக்கிறார், ஜோசபஸ் விரிவாக எழுதியிருக்கிறார், அவர் ஆட்சியில் அடித்த நாணயங்களும் உண்டு. அவர் இருந்தாரா என்பது கேள்வியாகவே இருக்கவில்லை. கல்லின் அருமை மூன்றாம் வரியில் இருக்கிறது. சிதைந்த அந்தச் சொல் 'பிரேஃபெக்துஸ்', அதாவது படை அதிகாரம் கொண்ட ஆளுநர். இப்போது கையிலிருக்கும் டாசிட்டஸை எடுங்கள். திபேரியு ஆட்சியில் 'புரோகுராத்தோர்' பொந்தியு பிலாத்துவால் கிறிஸ்து தண்டிக்கப்பட்டார் என்று அவர் எழுதுகிறார். பதவிப் பெயர் மாறியிருக்கிறது. யூதேயாவின் ஆளுநர்கள் புரோகுராத்தோர் என்று அழைக்கப்பட்டது பிற்பாடு, கிளாவுதியு பேரரசர் காலத்திலிருந்து. டாசிட்டஸ் எழுதியது கி.பி. 116-ஐ ஒட்டி.

இதை வைத்து இரண்டு பக்கமும் அவசரப்படுகிறார்கள். 'பதவியே தப்பு, ஆகவே அந்த வரி போலி' என்பது ஒரு பக்கம். போலி எழுதிய கிறிஸ்தவர் அதே பத்தியில் தன் மதத்தைக் கேடான மூடநம்பிக்கை என்று திட்டியிருக்க மாட்டார். லத்தீன் நடையும் டாசிட்டஸுடையதேதான். 'டாசிட்டஸ் ரோம அரசு ஆவணத்தைப் பார்த்து எழுதினார்' என்பது மறு பக்கம். ஆவணத்தைப் பார்த்திருந்தால் பதவி சரியாக இருந்திருக்கும். தன் காலத்து வழக்கில், ரோமில் பரவலாகத் தெரிந்த செய்தியை எழுதினார் என்பதே கல்லும் ஏடும் சேர்ந்து சொல்வது. சுயேச்சையான நேர்ச் சாட்சி என்று அதைத் தூக்கிப் பிடிக்கவும் முடியாது, இடைச்செருகல் என்று தள்ளவும் முடியாது. இந்த நுணுக்கம் ஒன்றுக்காகவே இந்தக் கல்லின் முன் பத்து நிமிடம் நிற்கலாம்.

இன்னொன்றும் யோசிக்க வேண்டியது. பத்து ஆண்டு ஒரு மாகாணத்தை ஆண்டவர், கட்டடம் எழுப்பித் தன் பெயரை வெட்டிவைத்தவர். அவருக்கே யூதேயா மண்ணில் ஐயமில்லாத கல்வெட்டு இது ஒன்றுதான். ஏரோது அரசன் கட்டிய கோட்டையான ஹெரோதியத்தில் கிடைத்து 2018-இல் வெளியிடப்பட்ட செம்பு மோதிரத்தில் அவர் பெயர் கிரேக்கத்தில் இருக்கிறது. ஆனால் அவ்வளவு மலிவான மோதிரத்தை ஆளுநர் அணிந்திருப்பாரா என்ற ஐயம் உண்டு, அலுவலகத்தார் பயன்படுத்தியதாக இருக்கலாம். நிலைமை இப்படியிருக்க, கலிலேயாவின் கைவினைஞர் ஒருவருக்குக் கல்வெட்டு இல்லை என்பதை அவர் இல்லை என்பதற்கு ஆதாரமாகக் கொள்ள முடியாது. அவர் இருந்தார் என்பதற்கும் அது ஆதாரம் ஆகாது.

காய்பா பெட்டிதான் இந்தப் பிரிவின் உச்சம். 1990 நவம்பரில் எருசலேமுக்குத் தெற்கே, பூங்கா வேலை நடந்த இடத்தில் ஒரு குகைக் கல்லறையின் கூரை இடிந்து விழுந்தது. உள்ளே பன்னிரண்டு எலும்புப் பெட்டிகள். அக்கால எருசலேம் யூதர் வழக்கப்படி உடலை ஓராண்டு குகையில் கிடத்தி, சதை மறைந்த பின் எலும்பைப் பொறுக்கிக் கல் பெட்டியில் இடுவார்கள். அதனால் பெட்டியின் நீளம் தொடை எலும்பின் நீளத்தைவிடச் சற்றே கூடுதலாக இருந்தால் போதும். இந்தப் பெட்டி சுமார் 75 சென்டிமீட்டர். முன்பக்கம் இரண்டு பெரிய வட்டங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் நடுவில் ஒரு பூவும் சுற்றி ஐந்து பூக்களும். உளி வேலை அவ்வளவு நயம். எல்லோரும் அதைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பார்க்க வேண்டியது மறுபுறமும் பக்கவாட்டும். அங்கே ஆணியால் கீறியதுபோல் கோணல்மாணலாக, 'யெஹோசெஃப் பர் கயாஃபா', காய்பாவின் மகன் யோசேப்பு. பூ வேலை செய்தவர் கை வேறு, பெயர் கீறியவர் கை வேறு. இருண்ட குகைக்குள் யாருடைய எலும்பு எது என்று குடும்பத்தார் தெரிந்துகொள்வதற்காகக் கீறியது அது. நேராக அடிக்கும் வெளிச்சத்தில் கீறல் தெரியாது. பக்கத்திலிருந்து தாழ்ந்த கோணத்தில் பாருங்கள், போனில் பெரிதாக்கிப் பாருங்கள். ஃபிளாஷ் போடக்கூடாது, போட்டாலும் கீறல் மறைந்துதான் போகும்.

நற்செய்திகள் 'காய்பா' என்று மட்டும் சொல்கின்றன. அவருடைய சொந்தப் பெயர் யோசேப்பு என்று சொல்வது ஜோசபஸ் ஒருவரே. அவர் கணக்கில் காய்பா கி.பி. 18-ஐ ஒட்டிப் பதவிக்கு வந்து 36-ஐ ஒட்டி நீக்கப்பட்டார். பெட்டியில் இரண்டு பெயரும் சேர்ந்திருக்கின்றன. உள்ளே இருந்த ஆறு பேரின் எலும்புகளில் ஒருவர் அறுபது வயதை ஒட்டிய ஆண். அதே குகையில் வேறொரு பெட்டியில் முதலாம் அகிரிப்பாவின் நாணயம். பொருத்தம் வலுவானது. ஐயமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பெட்டியில் 'பிரதான ஆசாரியர்' என்று எழுதவில்லை. அவ்வளவு பெரிய பதவியில் இருந்த குடும்பத்துக்குக் கல்லறை எளிமையானது. கீறலில் காய்பா என்ற பெயரின் இரண்டாம் எழுத்து எபிரெய 'யோத்'தா 'வாவ்'வா என்பதும் சண்டை. அக்காலக் கையெழுத்தில் ஒன்று குட்டைக் கோடு, மற்றது சற்றே நீண்ட கோடு, அவ்வளவுதான் வித்தியாசம். வாவ் என்றால் 'கோஃபா' ஆகிவிடும், காய்பா இல்லை. பிறகு 2011-இல் வெளியிடப்பட்ட இன்னொரு பெட்டியில் காய்பா குடும்பப் பெயரும் அது ஆசாரியக் குடும்பம் என்ற குறிப்பும் சேர்ந்து வந்ததால் முதல் வாசிப்புக்குப் பலம் கூடியிருக்கிறது. பிரதான ஆசாரியரின் பெட்டியேதான் என்று சத்தியம் செய்ய வேண்டாம். அவர் குடும்பத்தின் பெட்டி என்று சொல்வதில் தயக்கம் வேண்டாம்.

இந்தப் பெட்டியின் பக்கத்தில் நின்று ஜோசபஸின் 20-ஆம் புத்தகப் பத்தியைப் படியுங்கள். கி.பி. 62. ஆளுநர் பெஸ்து இறந்துவிட்டார், புதியவர் வழியில் வந்துகொண்டிருக்கிறார். அந்த இடைவெளியில் பிரதான ஆசாரியர் அனானு சபையைக் கூட்டி, 'கிறிஸ்து என்று சொல்லப்படும் இயேசுவின் சகோதரன், யாக்கோபு என்ற பெயருள்ளவனை'யும் வேறு சிலரையும் கல்லெறிந்து கொல்ல ஒப்புக்கொடுக்கிறார். நகரத்து நியாயஸ்தர்கள் கொதித்தெழ, மூன்றே மாதத்தில் அனானுவின் பதவி போகிறது. இந்த அனானு, முன்பு பிரதான ஆசாரியராக இருந்த மூத்த அன்னாவின் மகன். காய்பா அன்னாவின் மருமகன் என்கிறது யோவான் நற்செய்தி. அது சரியென்றால், இயேசுவை விசாரித்தவரும் அவர் சகோதரனைக் கொன்றவரும் மைத்துனர்கள். உங்கள் எதிரே இருக்கும் பெட்டி அந்தக் குடும்பத்துப் பெட்டி.

இயேசு வாழ்ந்ததற்குப் பைபிளுக்கு வெளியே உள்ள ஆகச் சிறந்த சான்று இந்தப் பத்திதான். காரணம், இங்கே பேச்சு இயேசுவைப் பற்றியே இல்லை. அனானுவின் பதவி ஏன் போனது என்பதுதான் கதை. யாக்கோபு எந்த யாக்கோபு என்று அடையாளம் காட்டப் போகிறபோக்கில் இயேசு பெயர் வருகிறது; பாராட்டு இல்லை, பிரசங்கம் இல்லை. பவுலும் கலாத்தியர் கடிதத்தில் எருசலேமில் கேபாவோடு, அதாவது பேதுருவோடு, பதினைந்து நாள் தங்கியதையும் 'கர்த்தருடைய சகோதரனாகிய யாக்கோபை'க் கண்டதையும் எழுதுகிறார். ஆள் ஒருவர் இல்லாமல் அவருக்குச் சகோதரன் மட்டும் இருக்க முடியாது. 'கிறிஸ்து என்று சொல்லப்படும்' என்ற சொற்கள் பிற்காலத்தவர் ஓரத்தில் எழுதிய குறிப்பு, பின்னர் உள்ளே புகுந்தது என்றும், உண்மையில் அங்கே பேசப்படும் இயேசு, அடுத்துப் பிரதான ஆசாரியராகும் தம்னேயுவின் மகன் இயேசுதான் என்றும், இயேசு வாழ்ந்ததையே ஐயுறும் ஆய்வாளர் ரிச்சர்ட் காரியர் வாதிடுகிறார். புத்திசாலித்தனமான வாதம். ஆனால் மூன்றாம் நூற்றாண்டின் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் இந்தச் சொற்களை அறிந்திருக்கிறார். எல்லாச் சுவடிகளிலும் இவை உள்ளன. தம்னேயுவின் மகனை ஜோசபஸ் அறிமுகப்படுத்துவதே சில வரி கழித்துத்தான். வரலாற்றறிஞர் பெரும்பாலோர் இந்தப் பத்தியை ஏற்பது இதனால்தான்.

18-ஆம் புத்தகப் பத்தி அப்படியல்ல. 'அவரை மனிதர் என்று சொல்லலாமானால்', 'அவரே கிறிஸ்து', 'மூன்றாம் நாள் உயிரோடு தோன்றினார்' என்று கிறிஸ்தவராகாத ஒரு யூதர் எழுதியிருக்க முடியாது. ஜோசபஸ் இயேசுவைக் கிறிஸ்து என்று நம்பவில்லை என்று ஓரிகனே சொல்லியிருக்கிறார். பத்தியை முழுதாக மேற்கோள் காட்டும் முதல் ஆள் நாலாம் நூற்றாண்டின் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியு. கைவசமுள்ள கிரேக்கச் சுவடியில் மூத்தது பதினோராம் நூற்றாண்டு. சுவடியின் காலம் வேறு, நூலின் காலம் வேறு என்பது சங்க இலக்கியப் பதிப்பு வரலாறு தெரிந்தவர்களுக்குப் புதிதில்லை. ஆனால் அந்த இடைவெளியில் கை வைக்க வாய்ப்பிருந்தது என்பதும் உண்மை. அறிஞர் பலரின் முடிவு, ஜோசபஸ் சுருக்கமாக ஏதோ எழுதியிருந்தார், கிறிஸ்தவப் படியெடுப்போர் அதை அலங்கரித்துவிட்டார்கள் என்பது. முழுவதுமே இடைச்செருகல் என்போரும் உண்டு. இந்தப் பத்தியை முதல் சான்றாக மேடையில் முழங்குவதை நிறுத்திவிட்டு யாக்கோபு பத்தியை எடுப்பது எவ்வளவோ நேர்மையானது.

ஆணி ஏறிய குதிகாலுக்கு வருவோம். காட்சியில் இருப்பது மூலமா பிரதியா என்று குறிப்பு அட்டையில் பார்த்துவிடுங்கள். கற்றுக்கொள்ள வேண்டியது இரண்டிலும் ஒன்றுதான். 1968-இல் வடக்கு எருசலேமின் கிவாத் ஹா-மிவ்தாரில் வாசிலியோஸ் சஃபேரிஸ் தோண்டிய கல்லறையில், யெஹோஹனான் என்று பெயர் கீறிய பெட்டிக்குள் கிடைத்தது. வயது இருபதுகளின் நடுவில். ஆணி 11.5 சென்டிமீட்டர், வலது குதிகாலின் பக்கவாட்டில் நுழைந்திருக்கிறது, முன்னிருந்து பின்னாக அல்ல. ஆணித் தலைக்கும் எலும்புக்கும் நடுவே சிறு மரத்துண்டு வைத்து அடித்திருக்கிறார்கள். ஆணி முனை கொக்கிபோல் வளைந்திருப்பதைக் கவனியுங்கள். மரத்தின் கணுவில் பட்டு வளைந்ததால் கழற்ற முடியவில்லை, அப்படியே புதைத்துவிட்டார்கள். அந்தக் கணு இல்லாவிட்டால் இந்தச் சான்றே இல்லை. முதல் ஆய்வில் இரண்டு குதிகாலையும் ஒரே ஆணி துளைத்தது என்றார்கள்; 1985-இல் ஜோ சயாஸும் எலியேசர் செகெலெஸும் திரும்ப ஆராய்ந்து, ஆணி ஒரு குதிகாலுக்கே போதும் நீளம், கால்கள் நடுமரத்தின் இரு பக்கமும் அறையப்பட்டன, கையில் ஆணித் தடம் இல்லை என்று திருத்தினார்கள். பழைய புத்தகங்களில் இன்னும் முதல் படமே ஓடிக்கொண்டிருக்கிறது.

சிலுவையில் செத்தவரை ரோமர் புதைக்க விடவே மாட்டார்கள், ஆகவே இயேசுவின் அடக்கம் கதை என்ற வாதத்துக்கு இந்த எலும்பு நேரடியான பதில். ஒருவராவது குடும்பக் கல்லறைக்கு வந்து சேர்ந்திருக்கிறார். யூதர் சிலுவைக் கைதிகளையும் சூரியன் மறையுமுன் இறக்கிப் புதைப்பார்கள் என்று ஜோசபஸும் எழுதுகிறார். நடக்கக்கூடியது என்பதுவரைதான் இது நிரூபிக்கும்.

பெயர்ப் பெட்டிகளைப் பார்க்கும்போது உணர்ச்சிவசப்பட வேண்டாம். 'யோசேப்பின் மகன் இயேசு' என்று கீறிய பெட்டி ஒன்றுக்கு மேல் கிடைத்திருக்கிறது; ஒன்றைத் தொல்லியலாளர் சுகெனிக் 1931-லேயே அறிவித்தார், இன்னொன்று 1980-இல் தல்பியோத் கல்லறையில் வந்தது. நம்மூரில் முருகனின் மகன் குமார் என்று தேடுவதைப்போல. அவ்வளவு பொதுவான பெயர்கள். ஜோசபஸ் நூல்களிலேயே ஏறத்தாழ இருபது இயேசுக்கள் வருகிறார்கள். 2002-இல் பரபரப்பாகப் பேசப்பட்ட 'இயேசுவின் சகோதரன் யாக்கோபு' பெட்டியைத் தேடி வருகிறவர்களும் உண்டு. அது அகழாய்வில் கிடைத்ததல்ல, தனியார் சேகரிப்பிலிருந்து வந்தது. 2003-இல் இஸ்ரேல் தொல்லியல் துறை அதன் எழுத்தைப் போலி என்றது. பல ஆண்டு நடந்த வழக்கு 2012-இல் விடுதலையில் முடிந்தது. போலி என்று நீதிமன்றத்தில் நிறுவ முடியவில்லை என்பதுதான் அந்தத் தீர்ப்பு; உண்மையானது என்று அது சொல்லவில்லை. மண்ணிலிருந்து எடுத்த இடம் தெரியாத பொருளை வைத்து இவ்வளவு பெரிய கேள்விக்கு விடை எழுதக் கூடாது.

குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்று, ஆனால் பெரிய குறை. பொருள்களைத் தேர்ந்ததிலும் வைத்த விதத்திலும் குற்றம் சொல்ல இடமில்லை; வாதத்தைச் சொல்லும் பொறுப்பைத்தான் மியூசியம் பார்வையாளரிடமே விட்டுவிடுகிறது. குறிப்பு அட்டைகள் சுருக்கமானவை. எழுத்து எந்தக் கையால், எந்த நூற்றாண்டில், எந்தச் சுவடி வழியாக நம்மிடம் வந்தது என்பதை அவை சொல்லித் தருவதில்லை. விசுவாசத்தோடு போகிறவர் எல்லாம் நிரூபணமாகிவிட்டதாகவும், ஐயத்தோடு போகிறவர் ஒன்றுமே இல்லை என்றும் திரும்பக்கூடும். ஞானஸ்நானம் கொடுத்த யோவானைப் பற்றியும் ஜோசபஸ் எழுதியிருக்கிறார் என்பது இரு சாராரும் அறிய வேண்டிய செய்தி. யோவானிடம் ஞானஸ்நானம் பெற்றது, பிலாத்துவால் சிலுவையில் அறையப்பட்டது, இந்த இரண்டையும் விசுவாசம் உள்ள, இல்லாத வரலாற்றாசிரியர்கள் ஏறத்தாழ அனைவருமே ஏற்கிறார்கள். அற்புதங்களும் உயிர்த்தெழுதலும் கல்லை வைத்துத் தீர்க்கிற விஷயம் அல்ல. அதை இந்த மியூசியத்திடம் கேட்பது நியாயமும் இல்லை.

எருசலேம் போக முடியாதவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில், நுழைவுக் கட்டணம் இல்லாமல், 8.9 சென்டிமீட்டர் உயரமும் 6 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பப்பைரஸ் துண்டு ஒன்று இருக்கிறது. அங்கும் போக முடியாதவர்கள் நூலகத்தின் இணையப் படத்திலேயே பார்க்கலாம். யோவான் நற்செய்தியின் கிரேக்கப் பிரதியில் தப்பிய துண்டு. 1920-இல் எகிப்தில் வாங்கியது, 1935-இல் வெளியிட்டார்கள். இரண்டாம் நூற்றாண்டின் முற்பாதி என்று வழக்கமாகச் சொல்வார்கள். எழுத்தமைதியை மட்டும் வைத்து அவ்வளவு இறுக்கமாகக் காலம் குறிக்க முடியாது, மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை இடம் விட வேண்டும் என்று சுவடி ஆய்வாளர் பிரெண்ட் நோங்ப்ரி 2005-இல் காட்டியிருக்கிறார். துண்டில் இருப்பது 18-ஆம் அதிகாரம், விசாரணைக் காட்சி. முன்பக்கத்தில் ஏழு வரி. ஐந்தாம் வரியில், ஆளுநர் மறுபடியும் அரமனைக்குள் போகிற இடத்தில் கிழிசல் வருகிறது. பிலாத்து என்ற பெயரில் முதல் எழுத்து, கிரேக்கத்தின் 'பி', ஒன்று மட்டும் தப்பியிருக்கிறது.